பேஸ்மென்ற் வீட்டில் முதல் கோடை

கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்துக் குடியேறுகிறவர்களுக்கு எல்லோரும் குளிரைப் பற்றித்தான் புத்தி சொல்கிறார்கள். ஜக்கெற் எங்கே வாங்குவது, பனிக்கு எந்தச் சப்பாத்து என்று. கோடையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வெயில் எங்களுக்குப் புதிதா என்ற நினைப்பு. நிலத்துக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஜூன் தொடங்கி செப்ரெம்பர் வரை தொல்லை தருவது ஈரம்.

ஊரில் புழுங்கினால் யன்னலைத் திறப்போம். இங்கே வெக்கையான நாளில் பேஸ்மென்ற் யன்னலைத் திறந்தால், ஈரம் நிறைந்த வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரிலும் தரையிலும் நீராகப் படியும். கொஞ்ச நாளில் அலுமாரிக்குப் பின்னாலும் மெத்தைக்கு அடியிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். இழுப்பு உள்ள பிள்ளைகள் பாவம், இரவெல்லாம் இருமுவார்கள். ஆகவே அப்படியான நாட்களில் யன்னலை மூடி, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயரை ஓடவிடுங்கள். கோடையில் வீட்டின் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருக்கட்டும் என்கிறது கனடிய சுகாதாரத் துறை. அதை அளக்கும் சின்னக் கருவி அதிக விலையில்லை. தளபாடங்களைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போடாதீர்கள். சோறு வடிக்கும்போதும் குளிக்கும்போதும் காற்றை வெளியே இழுக்கும் காற்றாடியைப் போடுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2013 ஜூலை 8 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16 அன்று அதே இடத்தில் ஏறத்தாழ 98. இப்படிச் சில மணி நேரத்தில் கொட்டும்போது தெருவுக்கு அடியிலுள்ள குழாய்கள் தாங்காமல், கழிவுநீர் வீட்டுத் தரை வடிகால் வழியாக மேலே வரும். அதைத் தடுக்கப் பல வீடுகளில் பேக்வோட்டர் வால்வ் பூட்டியிருப்பார்கள். இதில் ஒரு முக்கியமான விசயம்: பெருமழையில் அந்த வால்வ் மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரம் மேல்வீட்டுக்காரர் வோஷிங் மெஷினைப் போட்டாலும் தண்ணீர் உங்கள் காலடியில்தான் வந்து நிற்கும். மழை விடும்வரை குளிப்பதையும் துவைப்பதையும் நிறுத்தச் சொல்லி மேலே இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீட்டுக்கார அண்ணாவிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவையும் உண்டு. வால்வ் இருக்கிறதா, எப்போது துப்புரவாக்கியது? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அத்திவாரத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளி ஊற்றுகிறதா? சுவர் கசிந்தால் திருத்திக் கொடுப்பது ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. வாயால் சொல்லிவிட்டு இருக்காமல் படத்தோடு எழுதியும் அனுப்புங்கள். தெரிந்த ஆள், ஊர்க்காரர் என்றாலும் எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. வாடகைக் குடியிருப்பாளர் காப்புறுதி எடுக்கும்போது கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கும் காப்பு உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்; பெரும்பாலும் அது தனியாகச் சேர்க்க வேண்டியது.

கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஊர்ப்படங்கள் எதையும் கட்டிலுக்கு அடியில் சூட்கேசில் வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு உயரமான தட்டில் வையுங்கள். நனைந்துபோன ஆவணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பது அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் வந்தேவிட்டால் அதற்குள் இறங்காதீர்கள். பிளக்குகள், நீட்டு வயர்கள் நனைந்திருக்கும். மின்பலகையும் கீழேதான் என்றால் அதைத் தொடாமல் மின்சார நிறுவனத்தை அழையுங்கள். ரொறன்ரோ நகரத்துக்குள் இருந்தால் நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். எதையும் தூக்கி எறிய முன் படம் எடுங்கள்.

இனி நெருப்பு. கோடை வந்தால் கராஜுக்குள் பெரிய காஸ் அடுப்பை வைத்துப் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சமைப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். கதவு பாதி திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே தேங்கும். அதற்கு மணமில்லை; தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தொடங்கி ஆளைச் சாய்த்துவிடும். அடுப்பை முற்றத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். புரொப்பேன் சிலிண்டரைப் பேஸ்மென்றிலோ கராஜிலோ அடுக்காதீர்கள். அப்புறம், பொரியல் புகைக்குக் கத்துகிறது என்று புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றுகிற பழக்கம். கீழ்வீட்டுக்கு அனேகமாக ஒரே வாசல்தான்; நித்திரையில் இருப்பவர்களை எழுப்ப அதைவிட வேறொன்றும் இல்லை. கத்தினால் துவாயால் விசிறுங்கள், கழற்றாதீர்கள்.

ஏசியையும் டீஹியூமிடிஃபயரையும் நீட்டு வயரில் கொழுவாமல் நேரே சுவர்ப் பிளக்கில் கொழுவுங்கள். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு மே முதல் ஒக்ரோபர் வரை கிழமை நாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரை மின்சாரம் விலை கூட. உடுப்புத் துவைப்பதை இரவு 7 மணிக்குப் பிறகோ சனி, ஞாயிறிலோ வைத்துக்கொள்ளலாம்.