வளவு வெளிச்சத்தில் பழைய மேனுவல் லென்ஸ்

செட்டிநாட்டு வீடுகளின் வளவில், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் உள்ள பகுதியில், உருவப்படம் எடுக்க, கையால் ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் காலத்து மேனுவல் லென்ஸ் மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மி.மீ. குவியத்தொலைவும் எஃப் 2 வரை திறக்கும் துளையும் கொண்ட லென்ஸ், தொடங்குவோர்க்குப் போதும். வாங்குமுன் டார்ச் ஒளியைப் பாய்ச்சி, கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீலியோஸ் போன்ற எம்42 லென்ஸ், அதாவது திருகிப் பொருத்தும் வகை, சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனி இ மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் வாய்) கேமராவில் அந்தத் தொலைவு 18 மி.மீ. மட்டுமே என்பதால், மீதி இடைவெளியைக் கண்ணாடி ஏதுமில்லாத அடாப்டர் வளையமே நிரப்பிவிடுகிறது. நிகான் டிஎஸ்எல்ஆரில் அது 46.5 மி.மீ., தேவையைவிடக் கூடுதல் ஆகையால், சாதாரண அடாப்டரைக் கொண்டு தொலைவிலுள்ளவற்றைக் கூர்மையாக்க முடியாது. பொருத்தியபின், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் அனுமதியுங்கள். கேமராவிலேயே நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் குவியத்தொலைவாக 58 என்ற எண்ணையும் கொடுங்கள்.

ஃபோகஸ்தான் இதில் உண்மையான வேலை. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டக அளவு சென்சார்) கேமராவில், ஒரு மீட்டர் தொலைவிலிருப்பவரை எஃப் 2-இல் எடுத்தால் கூர்மை ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கே கிடைக்கும். கண் தெளிந்தால் காதுத்தோடு மங்கிவிடும். எஃப் 4-இல் அது இருமடங்காகும் என்பதால், வைரத்தோடும் தெரிய வேண்டுமென்றால் அதையே பரிந்துரைப்பேன். ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்பாமல், திரையைப் பெரிதாக்கி, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமுடியில் ஃபோகஸ் செய்யுங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாதிருக்கட்டும்.

ஆச்சியை வளவுத் தாழ்வாரத்தின் ஓரத்தில், முற்றத்து வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும்படி அமர்த்தினால், தூண்வரிசை அவருக்குப் பின்னால் நீண்டு மென்மையாகக் கரையும். உச்சிவெயில் முற்றத்தில் நேராக இறங்கும் வேளையைத் தவிர்த்துவிடுங்கள். பழைய லென்ஸ்களின் பூச்சு எளியது. வானமோ வெயில்பட்ட வெள்ளைச் சுவரோ சட்டகத்துக்குள் வந்தால் படம் வெளிறிப்போகும், ஆகவே லென்ஸ் முன் மாட்டும் ஒளிமறைப்பான ஹூட் கட்டாயம் வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் சிவப்பும் பச்சையும் மோவாயில் ஏறுவதுண்டு. வெள்ளை வேட்டியொன்றைக் காலடியில் விரித்தால் நிறமும் விலகும், கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் குறையும்.

வேலை முடிந்ததும் லென்ஸைத் தோலுறையில் பூட்டி வைக்காதீர்கள். ஈரத்தைத் தோல் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே பூஞ்சைக்குத் தடை.