சீட் பெல்ட் பஸ்ஸரை அடக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால், முன்னிருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போடாமலே மலையேறும் கார்கள் கண்ணில் படும். அவற்றுள் பழைய கார்களை விட்டுவிடலாம். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ஓட்டுநருக்கும் அவர் பக்கத்தில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்பது இந்திய வாகனங்களுக்கான ஏஐஎஸ் 145 தரவிதியின் கட்டளை. ஆகவே புதிய கார் ஒன்று அப்படி அமைதியாக மலையேறுகிறது என்றால், யாரோ அதன் வாயை அடைத்திருக்கக்கூடும். அந்தச் சத்தம் எரிச்சலூட்டுவது உண்மைதான். எரிச்சலூட்ட வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதை நிறுத்துவதற்கு நம்மவர்கள் கையாளும் வழிகளில் பல, சத்தத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் நிறுத்திவிடுகின்றன என்பதைத்தான் பெரும்பாலோர் அறிவதில்லை.

பழைய கார்களில் பஸ்ஸர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தீப்பெட்டி அளவிலான தனிப்பெட்டி. அதன் இணைப்பைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. இன்றைய கார்களில் அப்படித் தனியாக ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்பீடோமீட்டர் இருக்கும் மீட்டர் கன்சோலே ஒலியை எழுப்புகிறது. சில கார்களில் அது ஆடியோ சிஸ்டத்தின் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. கதவு சரியாகச் சாத்தவில்லை, ஹேண்ட் பிரேக் இறங்கவில்லை, இன்ஜின் கொதிக்கிறது, ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்வது அந்த ஒரே வாய்தான். பஸ்ஸரை ஊமையாக்க வேண்டும் என்று கன்சோலைக் கழற்றி ஒலி எழுப்பும் பாகத்தை எடுத்துவிடுபவர்கள், பெல்ட் எச்சரிக்கையை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். இப்படிச் செய்த ஒருவர், ஏற்காட்டில் பகலிலேயே மூடுபனி இறங்கியதால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். பனி கலைந்து வெயில் வந்திருந்ததால் விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லை. நினைவூட்ட வேண்டிய சத்தமும் இல்லை. மறுநாள் காலையில் பேட்டரி முழுவதும் இறங்கிக் கிடந்தது. அதனால் ஒரு நாள்தான் வீணானது. கொதிக்கும் இன்ஜினை அறியாமல் மேலும் நான்கு வளைவுகள் ஏறினால் செலவு வேறு கணக்கில் வரும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் பரவலானதும் டம்மி கிளிப். பெல்ட்டின் நுனியில் இருக்கும் உலோக நாக்கைப் போன்ற ஒன்றை வாங்கிப் பக்கிளில் செருகிவிடுவார்கள். பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டு இவற்றை அகற்றச் செய்தபோது, நீக்கப்பட்ட விற்பனைப் பக்கங்கள் மட்டும் 13,118. அக்சஸரீஸ் கடைகளில் ஏதோ அலங்காரப் பொருளைப் போல அது தொங்குவதை முன்பெல்லாம் நானே பார்த்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

அதில் உள்ள தவறு பெல்ட் போடாமல் விடுவதோடு முடிவதில்லை. பக்கிளுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் தரும் செய்தி, பஸ்ஸருக்கு மட்டும் போவதன்று. பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் அதுவே போகிறது. மோதலின்போது பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனரை வெடிக்க விடுவதா, ஏர்பேக்கை எந்த அளவு மோதலில் விரிக்க விடுவது என்பன போன்ற முடிவுகளைச் சில கார்கள் இந்தச் செய்தியையும் வைத்தே எடுக்கின்றன. டம்மி கிளிப் செருகப்பட்ட காருக்குள் இருப்பவர் பெல்ட் போட்டிருக்கிறார் என்று கணினி முடிவு கட்டும். அவரோ ஏர்பேக்கை நோக்கிப் பறந்துகொண்டிருப்பார். ஏர்பேக் என்பது ஏறத்தாழ 30 மில்லி நொடியில் விரியும் பொருள். பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்தும்போது எஞ்சிய வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது அது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்து வந்து அதன் மேல் விழுபவருக்கு, விரியும் ஏர்பேக்கே அடியாக அமையலாம். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுப் பக்கிளில் மாட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்துகொள்ளும் பழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான், காசு செலவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அடுத்தது ஒயரில் கை வைப்பது. இது எனக்கே நடக்க இருந்தது. பக்கத்து இருக்கையின் பஸ்ஸர் காலி இருக்கைக்கும் கத்தத் தொடங்கியதால், தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், இருக்கைக்கு அடியில் இருக்கும் இணைப்பைக் கழற்றிவிடச் சொன்னேன். அவர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, டார்ச் அடித்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கம்பளத்தின் மேல் இரண்டு இணைப்புகள் கிடந்தன, ஒன்று கறுப்பு, மற்றொன்று நல்ல மஞ்சள். “சார், இந்த மஞ்சள்ல மட்டும் கை வெக்கக் கூடாதுங்க. இதைப் புடுங்கினா சத்தம் நிக்குதோ இல்லையோ, ஏர்பேக் லைட்டு எரிய ஆரம்பிச்சிடும்” என்றார். ஏர்பேக், பிரீடென்ஷனர் ஆகியவற்றின் இணைப்புகளை மஞ்சள் நிறத்தில் வைப்பது கார் தொழிலில் பொதுவான வழக்கம். அவற்றுக்குள் சிறு வெடிமருந்து உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே தொட வேண்டும். மல்டிமீட்டரை வைத்து அந்த ஒயரில் கரண்ட் வருகிறதா என்று சோதிப்பது அதைவிட ஆபத்தானது.

ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிய பிறகு சிலர் செய்வதுதான் என் பார்வையில் மன்னிக்க முடியாதது. கணினியை ஏமாற்ற அந்த இணைப்பில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது சிறு மின்தடையை, செருகிவிடுவார்கள். அல்லது எச்சரிக்கை விளக்கையே கழற்றிவிட்டு, கேட்டால் பழுது தீர்ந்தது என்பார்கள். பழைய கார் வாங்குவோர் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிகிறதா, சில நொடிகளில் தானாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தபடியே இருந்தால் கோளாறு இருக்கிறது என்பது தெரியும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கக்கூடும். ஆயில் விளக்கோடு சரியாக ஒரே நொடியில் அணைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் ஒரே ஒயரில் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

வீடியோ பார்த்துச் செய்வோர் தனி ரகம். சாவியைப் போட்டு, பெல்ட்டை இத்தனை முறை மாட்டிக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும் என்று வரும் காட்சிகளில் பல அமெரிக்கக் கார்களைப் பற்றியவை. அந்நாட்டின் கதையே வேறு: 1974ஆம் ஆண்டு மாடல்களில் பெல்ட் போட்டால்தான் கார் கிளம்பும் என்ற ஏற்பாடு வந்தது, மக்கள் கொதித்ததால் அதே ஆண்டில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்ததோடு, சட்டம் கேட்கும் எச்சரிக்கை ஒலியையும் 8 நொடிக்குள் அடக்கியது. அங்கே விற்ற காருக்குப் பொருந்தும் வித்தை இங்கே விற்கும் அதே பெயருள்ள காருக்குப் பொருந்தும் என்று நம்ப இடமில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு இணைவதற்காக இருக்கும் ஓபிடி போர்ட்டில் மலிவான கருவியொன்றைச் செருகி, கைப்பேசிச் செயலி வழியாகக் கணினியின் அமைப்பை மாற்றுவோர், அந்த மாற்றம் கணினியில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினாலோ இணைப்பு துண்டித்தாலோ கார் கிளம்பாமலே நிற்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உண்மையில் பஸ்ஸர் காரணமில்லாமல் கத்துவது அரிது. மாம்பழக் காலத்தில் மல்கோவாப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வந்தால், அங்கே ஆள் அமர்ந்திருப்பதாகவே சென்சார் கருதும். ஏற்காட்டிலிருந்து காப்பித்தூளும் மிளகும் ஆரஞ்சும் நிறைத்த பையோடு இறங்குவோருக்கும் இதே அனுபவம்தான். பையைப் பின்னால் டிக்கியில் வைத்தால் சத்தம் நின்றுவிடும். திடீர் பிரேக்கில் அது பறந்து வராது என்பது கூடுதல் ஆதாயம். பெல்ட் போட்ட பிறகும் கத்தினால் பக்கிளுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என் காரில் கடைசியில் கிடைத்தவை இருக்கைக்கடியில் தளர்ந்திருந்த கறுப்பு இணைப்பும், ஓட்டுநர் பக்கப் பக்கிளில் சிக்கியிருந்த தட்டுவடைத் துண்டும்தான். முதலாவது, வாக்யூம் போட்டவர் இடித்ததால் வந்தது. இரண்டாவதற்கு நானே பொறுப்பு. பக்கிளுக்குள் எண்ணெய் விடுவது அழுக்கை இன்னும் ஒட்டவைக்கும்; காற்றடித்துச் சுத்தம் செய்து பார்த்து, அதற்கும் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் பக்கிளை மாற்றுவதே முறை.

முறையாக நிறுத்தக்கூடிய ஒலிகளும் உண்டு. புதிய கார்களில் வரும் லேன் எச்சரிக்கை, மலைப்பாதையின் வளைவுகளில் கோட்டைத் தொடும்போதெல்லாம் கூவிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெரும்பாலும் பொத்தானோ திரையில் அமைப்போ கொடுத்திருக்கிறார்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் கத்தும் முன்பக்கப் பார்க்கிங் சென்சாரும் அப்படியே. தயாரித்தவரே நிறுத்தக் கொடுத்த வழியில் நிறுத்துவதில் தவறில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை இந்தக் கணக்கில் வராது. கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் அது ஓயாமல் கேட்கிறது என்றால் குறைக்க வேண்டியது வேகத்தைத்தான்.

“மலையில் என்ன வேகத்தில் போகப் போகிறோம், பெல்ட் எதற்கு?” என்பது சேலத்துக்காரர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள், வேகம் குறைவுதான். ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் கிட்டத்தட்ட 10 மீட்டர். மாடியிலிருந்து விழுபவர் கையை ஊன்றித் தப்பிக்க முடியாதது போலவே, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டும் தப்பிக்க முடியாது. பெல்ட் அணியாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். முன்னோக்கிய பின்னிருக்கையில் அமர்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பதே விதி. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் பெல்ட் அணியாமல் பின்னிருக்கையில்தான் இருந்தார்.

பஸ்ஸரை நிறுத்தக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெல்ட் எங்கே உறுத்துகிறது என்பதுதான். பெரும்பாலும் கழுத்தைத்தான் காட்டுவார்கள். பல கார்களில், முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூணில், பெல்ட் வெளிவரும் இடத்தில் ஒரு பிடி இருக்கும். அதை அழுத்திக் கீழே இறக்கினால் பெல்ட் கழுத்தை விட்டுத் தோளின் நடுவில் வந்து உட்காரும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. காரில் நான்கு ஆண்டுகளாகப் பெல்ட்டைத் திட்டிக்கொண்டே வந்த என் தாயாருக்கு அந்தப் பிடியை இரண்டு படி இறக்கிக் கொடுத்தேன். “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமில்ல?” என்று கேட்டுவிட்டு, அடிவாரம் வரும் முன்பே தூங்கிவிட்டார்.