விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம்: பழைய ரிவால்வருக்கு எவ்வளவு கொடுப்பது?

ஹூஸ்டன் பக்கம் ஒரு கன் ஷோ, அதாவது துப்பாக்கிச் சந்தை. மடக்கு மேசையில் பச்சைத் துணி, அதன் மேல் நாலு அங்குலக் குழலோடு ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19. நூலில் கட்டிய சீட்டில் 1,150 டாலர். எனக்கு முன்னால் இரண்டு பேர் எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆளாக நான் போய், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

நான் கோவையில் டூல் ரூமில் வேலை கற்றவன். இங்கே எண்ணெய் வயல்களுக்கான வால்வு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். சட்டைப்பையில் ஃபீலர் கேஜ், அதாவது மெல்லிய இடைவெளிகளை அளக்கும் தகடுகள், இல்லாமல் வெளியே போனால் ஏதோ மறந்த மாதிரி இருக்கும். பழைய ரிவால்வர் வாங்கும்போது அந்தப் பழக்கம்தான் என் பணத்தைக் காப்பாற்றுகிறது.

நம்மவர்களுக்கு முதலில் ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு கைக்கு வந்தபிறகுதான் முதல் ரிவால்வரை வாங்கினேன்.

அந்த முதல் ரிவால்வரிலேயே ஏமாந்தேன். அதே ஸ்மித் கம்பெனியின் மாடல் 10, .38 ஸ்பெஷல் தோட்டா போடுவது. ஒரு காலத்தில் அமெரிக்கப் போலீஸ்காரர் பலர் இடுப்பில் தொங்கிய சாதாரணத் துப்பாக்கி. கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த மினுக்கத்துக்காகவே 550 கொடுத்தேன். வேலையிடத்தில் ஒரு பெரியவர் பத்து விநாடிதான் பார்த்தார், சிரித்துவிட்டார். ஸ்மித்தில் ஹேமரும் (பின்னால் இருக்கும் அடிக்கும் சுத்தி) விசையும் தொழிற்சாலையிலேயே பழுப்பும் சாம்பலும் நீலமும் கலந்த திட்டுத்திட்டான நிறத்தில் வரும். என்னுடையதில் இரண்டும் உடம்போடு சேர்ந்து ஒரே கருநீலம். யாரோ மொத்தத்தையும் பாலிஷ் போட்டு மறுபடி ப்ளூயிங், அதாவது எஃகுக்குக் கருநீலப் பூச்சு, செய்திருக்கிறார்கள். குழல் மேலிருந்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது, திருகு ஓட்டைகளின் விளிம்பு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. அன்று அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உறையில் தேய்ந்து வெளுத்த அசல் ப்ளூயிங்குக்கு இருக்கும் மதிப்பு இதற்குக் கிடையாது. மறுபூச்சு என்று தெரிந்தால் நான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன்.

சரி, எந்த விலையிலிருந்து கழிப்பது? அதுதான் முக்கியம். கேட்கும் விலையை மறந்துவிடுங்கள், விற்ற விலைதான் கணக்கு. கன்புரோக்கர் மாதிரி ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களைத் தனியாகத் தேடலாம். ஒரே மாடல், ஒரே குழல் நீளம், ஏறக்குறைய ஒரே நிலை என்று எட்டுப் பத்து விற்பனைகளை ஒரு தாளில் எழுதுவேன். ஒருவர்கூடக் கேட்காமல் முடிந்த ஏலத்தைச் சேர்ப்பதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று அடித்துவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வேன். அந்த மாடல் 19-க்கு என் தாளில் 780 முதல் 960 வரை இருந்தது, நடுவில் 860. வெளி மாநிலத்து ஆளிடம் வாங்கினால் அனுப்பும் செலவு, அதைப் பெற்று, துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பவைத்துத் தரும் உள்ளூர் உரிமக் கடைக்காரரின் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். கடையில் வாங்கினால் ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25 சதவீதம். இதைக் கூட்டாமல் 'மலிவு' என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கிராக்கி உள்ள நேரத்தில் இன்னொரு கேள்வி: கூட்டம் எதன் பின்னால் ஓடுகிறது? எல்லாத் துப்பாக்கிக்கும் சேர்த்தா, இந்த ஒரு மாடலுக்கு மட்டுமா? 2020-இல் கொரோனா, கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்தன. அந்த வருடம் துப்பாக்கிக்கான எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைகளின் எண்ணிக்கை 3.9 கோடியைத் தாண்டியது. அப்போது கடைகளில் .38 தோட்டாவே கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் பிஸ்டல் முதல் துருப்பிடித்த ரிவால்வர் வரை வந்த விலைக்குப் போயின. அந்த மாதிரிப் பீதி தணியும், அதனால் பொறுத்திருந்தால் லாபம்.

கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் கதை வேறு. 1955-இல் வந்தது, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நின்றுபோனது, பிறகு பழையதின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. 2020 ஜனவரியில் கம்பெனி புதிய பைத்தானை 1,499 டாலருக்கு இறக்கியது. சுட்டுப் பார்க்க மட்டும் ஆசைப்படுபவருக்கு அன்றைக்கே ஒரு உச்சவரம்பு கிடைத்துவிட்டது. சேகரிப்பவர்கள் மட்டும் பழையதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் இந்த இரண்டில் யார் என்பதை மேசைக்குப் போவதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். மாடல் 10 போன்றவை முன்பு அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. எண்பது, தொண்ணூறுகளில் போலீஸ் துறைகள் பிஸ்டலுக்கு மாறியபோது பழையவை கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அந்தக் குவியல் கரைந்துவிட்டது. அந்தக் காலத்து விலையை நினைத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இனி மேசைக்கு வருவோம். அனுமதி கேட்டுச் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள். மூடும்போது சினிமாக்காரர் மாதிரி மணிக்கட்டைச் சுண்டி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் எஃகுக் கை வளைந்துவிடும், விற்பவரும் பிடுங்கி வைத்துவிடுவார். அந்தக் கை மடங்கும் இடத்தில் துப்பாக்கியின் சட்டகத்தில் மாடல் எண் பொறித்திருக்கும். மேசையில் இருந்தது 19-4. கோட்டுக்குப் பின்னால் வரும் எண் வடிவமைப்பு மாற்றத்தைச் சொல்லும். 1982-இல் வந்த 19-5-இல் குழலைப் பிடிக்கும் குறுக்கு ஊசியையும், தோட்டாவின் அடிவிளிம்பு உள்ளே அமரும் பள்ளத்தையும் எடுத்துவிட்டார்கள். அவை இரண்டும் உள்ளதற்குச் சிலர் நூறு டாலர் கூடுதலாகத் தருவார்கள். சுடுவதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 2001-க்குப் பிறகு வந்த ஸ்மித்களில் பெரும்பாலானவற்றில், துப்பாக்கியைப் பூட்டிவைக்க, இடப்பக்கம் ஒரு சின்னச் சாவித்துளை இருக்கும். அதைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் நிறைய. எனக்கு அது பேரம் பேசக் கிடைத்த துருப்புச்சீட்டு.

அப்புறம் சின்ன டார்ச்சை எடுத்து, குழல் சிலிண்டரைப் பார்க்கும் பின்வாயைப் பாருங்கள். மாடல் 19-இல் அந்த வாயின் அடிப்பக்கம், இடம் போதாமல், தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். எடை குறைந்த, வேகமான .357 தோட்டாக்களை நிறையச் சுட்டிருந்தால் அங்கேதான் விரிசல் விடும். தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அதற்கு மாற்றுக் குழல் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அடுத்தது கேஜ். சிலிண்டரைப் பின்னால் தள்ளிக் குழலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்தேன்: 8 தவ். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்னால் தள்ளி அளந்தால் 4. ஆக, சிலிண்டர் முன்னும் பின்னும் 4 தவ் ஆடுகிறது. 2 வரை நான் பேசுவதில்லை. 4 என்றால் மெல்லிய வாஷர் வைக்க வேண்டும். வைத்தபின் இடைவெளி 8-இல் நிற்கும், அது பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் எனக்கு வேண்டாம்.

சிலிண்டரை விரலால் லேசாக உரசிப் பிடித்தபடி ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டர் 'டக்' என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு தடவை செய்யுங்கள், ஐந்தோடு நிறுத்தாதீர்கள். எனக்கு ஒருமுறை ஆறாவதுதான் பூட்டவில்லை. பழைய கோல்டில் இந்தத் தேய்மானம் இருந்தால் அதிகமாகவே கழியுங்கள், அந்த உள்வேலை தெரிந்த மெக்கானிக் குறைவு. கடைசியாக, ஹேமரைப் பின்னால் நிறுத்திவிட்டு, அனுமதியோடு, பெருவிரலால் அதைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுங்கள். விசையைத் தொடாமலே விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். அதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த மாடல் 19 எல்லாவற்றிலும் தேறியது. ஹேமர், விசை நிறம் அசல். திருகுத் தலைகளில் கீறல் இல்லை. ஆனால் மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ரப்பர் போட்டிருந்தார்கள், பெட்டியும் இல்லை. 860-இல் கைப்பிடிக்கு 100, வாஷர் வேலைக்கு 60 கழித்தேன். எழுநூறு ரொக்கம் என்றேன். விற்பவர் சீட்டை நிமிர்த்தி வைத்தார். "இது என் தாத்தாவுடையது, ஆயிரத்துக்குக் கீழே இல்லை." தாத்தா கதைக்கு நான் பணம் கொடுப்பதில்லை. தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

அது சனிக்கிழமை. இரண்டு நாள் சந்தையில் ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல், மிச்சத்தைப் பெட்டியில் கட்டி வண்டியில் ஏற்ற யாருக்கும் பிடிக்காது. நாலரைக்கு அழைப்பு வந்தது. 775-இல் முடிந்தது. நான் கழித்துப் போட்ட கணக்கைவிட 75 கூடத்தான். சிலிண்டர் அவ்வளவு சுத்தமாகப் பூட்டியதால் கொடுத்தேன்.

வாஷரை நானே போட்டுவிட்டேன். மரக் கைப்பிடி மட்டும் இன்னும் அமையவில்லை. போன வாரம் ஒருவர் 180 கேட்டார்.