டூ-ஸ்டெப்பும் கிளட்ச் பெடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூ-ஸ்டெப் என்பது ஸ்டார்ட் லைனில் மட்டும் தீப்பொறியை வெட்டி, எஞ்சினை ஒரு குறைந்த ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவிடாத லிமிட்டர்; கிளட்ச் பிடித்ததும் அது விலக வேண்டும். கிளட்ச் வைத்த டிராக் ரேஸ் (நேர்ப்பாதையில் கால் மைல் ஓட்டம்) காரில் இதைப் புதிதாக மாட்டியவரை ஸ்டார்ட் லைனில் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். 4,500 ஆர்பிஎம்மில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்த எஞ்சின், கிளட்ச்சை விட்டதும் ஒரு கணம் வீறிட்டு மேலே பறக்கும். அதற்கப்புறம்தான் கார் நகரும். இல்லையென்றால் கார் நகர்ந்து சில அடி போன பிறகும் படபடப்பு நிற்காது. இக்னிஷன் பெட்டி கெட்டுப்போச்சு என்று அதைக் கழற்றுவார்கள். பெட்டியில் ஒன்றும் இருக்காது. கோளாறு பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்வது, ஃபியூஸ் போடுவது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

காரோடு வந்த ஸ்விட்ச்சிலிருந்தே ஒயர் எடுப்பது

பல கார்களில் கிளட்ச் பெடலில் ஏற்கெனவே இரண்டு ஸ்விட்ச் இருக்கும். ஒன்று, பெடலை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற விடுவது. இன்னொன்று, பெடலைத் தொட்டதும் க்ரூஸ் கண்ட்ரோலை நிறுத்துவது. 'ஆகா, ரெடிமேடாக இருக்கிறதே' என்று இதில் ஒன்றில் டூ-ஸ்டெப் ஒயரை ஒட்டிவிடுகிறார்கள். முதலாவது தரையோரம் வேலை செய்கிறது. இரண்டாவது பெடலின் உச்சியில். கிளட்ச் பிடிப்பதோ நடுவில் எங்கோ. இரண்டுமே தவறான முனை.

தரையோர ஸ்விட்ச்சால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்விட்ச் தரையிலிருந்து 10 மி.மீ-இல் விடுகிறது, கிளட்ச் 60 மி.மீ-இல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 50 மி.மீ. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கால் எழுந்தாலும் அதைக் கடக்க 0.05 நொடி. அந்த நேரம் முழுக்க ஆக்சிலரேட்டர் தரையில், லிமிட்டர் இல்லை, சுமையும் இல்லை. 400 நியூட்டன்-மீட்டர் தரும் எஞ்சின், ஃப்ளைவீலும் கிளட்ச்சும் சேர்த்து 0.25 கிலோகிராம்-சதுர மீட்டர் சுழல் நிலைமம் என்றால், ஏற்றம் நொடிக்குச் சுமார் 15,000 ஆர்பிஎம். ஆக 0.05 நொடியில் 750 கூடி 4,500 என்பது 5,250 ஆகிவிடும். கால் பாதி வேகத்தில் எழுந்தால் 6,000. சுழலும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 6,000-இல் கிளட்ச்சுக்குள் இறங்குவது நீங்கள் நினைத்ததைவிட 78 சதவீதம் அதிகம்.

இதில் எரிச்சலூட்டுவது, இதற்கு எல்லாரும் செய்யும் வைத்தியம். டயர் சுற்றுகிறது என்று லாஞ்ச் ஆர்பிஎம்மை (டூ-ஸ்டெப் பிடித்து வைக்கும் வேகத்தை) குறைப்பார்கள். கால் வேகம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் ஒரு முறை டயர் சுற்றும், அடுத்த முறை எஞ்சின் மூச்சுத் திணறும். அப்புறம் டயர்மேல் பழி போட்டு ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) வாங்குவார்கள். ஸ்லிக் வழுக்காது, அதனால் அந்த அடி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். 1990–93 மஸ்டாங் 5.0-இல் வந்த டி-5 பெட்டியின் மதிப்பீடே 300 பவுண்டு-அடிதான். பல் போன கியரைக் கையில் வைத்துக்கொண்டு 'டி-5 தாங்காது' என்பார்கள். சரிதான், ஆனால் அதை அன்றைக்குக் கொன்றது ஸ்விட்ச்.

உச்சியில் இருக்கும் ஸ்விட்ச் எதையும் உடைக்காது, நேரத்தைத்தான் தின்னும். கிளட்ச் முழுக்கப் பிடித்த பிறகும் எஞ்சின் வெட்டிக்கொண்டே இருக்கும். பெடல்மேல் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் ஓட்டம் முழுக்க வெட்டும்.

செய்ய வேண்டியது, தனியாக ஒரு மைக்ரோ ஸ்விட்ச். உருளை வைத்த நெம்புகோல் வகை, 'நார்மலி ஓப்பன்' முனைகள், பெடல் உள்ளே போனால் மூடும்படி. தாங்கும் பட்டை 3 மி.மீ இரும்பு, ஸ்விட்ச் மாட்டும் துளை நீள்துளையாக இருந்தால் நகர்த்திச் சரிசெய்யலாம். பெடல் வந்து இடித்து நிற்கும் இடமாக ஸ்விட்ச்சை வைக்காதீர்கள். அதற்குத் தனி ஸ்டாப் போல்ட் போடுங்கள்.

பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பின் ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, முதல் கியரில் போடுங்கள். ஒருவர் கிளட்ச்சை முழுக்க மிதித்து மெதுவாக விட, இன்னொருவர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லேசாகச் சுற்றியது எங்கே இறுகத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி, தரையிலிருந்து பெடலுக்கு அளந்துகொள்ளுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை. ஸ்விட்ச் விடவேண்டியது அந்த இடத்தில், அல்லது அதற்கு 3 முதல் 5 மி.மீ மேலே. அதற்குக் கீழே ஒருபோதும் கூடாது. டிராக்கில் எஞ்சின் வீறிட்டால் இன்னும் 2 மி.மீ மேலே, வெட்டு இழுத்தால் 2 மி.மீ கீழே, ஆனால் பிடிக்கும் இடத்துக்குக் கீழே போகாமல்.

கேபிள் கிளட்ச்சில் டிஸ்க் தேயத் தேய பிடிக்கும் இடம் மேலே ஏறும். கேபிளைத் தொட்டாலும் இடம் மாறும். ஒவ்வொரு முறையும் திரும்ப அளக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

கியர் மாற்றும்போதும் டூ-ஸ்டெப் விழுவது

ஸ்விட்ச்சை நேராக டூ-ஸ்டெப்புக்குக் கொடுத்தால், 6,500-இல் இரண்டாம் கியருக்குக் கிளட்ச்சை மிதித்ததும் லிமிட் 4,500-க்கு இறங்கிவிடும். தீப்பொறி நிற்கும், கார்புரேட்டர் நிற்காது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டில் போய் வெடித்து மஃப்ளரைக் கிழிக்கும்.

ஐந்து முனை ரிலே ஒன்று போதும். சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டை 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கிளட்ச் ஸ்விட்ச்சுக்குக் கொடுங்கள். அங்கிருந்து ரிலேயின் 30-க்கு ஒன்று, ஒரு புஷ் பட்டன் வழியாக 86-க்கு ஒன்று. 87-இலிருந்து 86-க்கு ஒரு துண்டு ஒயர், டூ-ஸ்டெப்புக்கு ஒரு ஒயர். 85 எர்த். 87a-வில் எதுவும் வேண்டாம். கிளட்ச்சை மிதித்து பட்டனைத் தட்டினால் ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கிளட்ச்சை விட்டதும் விழும். அப்புறம் எத்தனை தடவை மிதித்தாலும், பட்டனைத் தொடாத வரை எழாது. 85-க்கும் 86-க்கும் குறுக்கே ஒரு 1N4001 டையோடு, கோடு போட்ட பக்கம் 86-இல். டையோடு இல்லையென்றால் ரிலேயின் காயிலில் (கம்பிச் சுருளில்) மின்சாரம் நிற்கும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பு நேராக டூ-ஸ்டெப்பின் உள்ளீட்டில் போய் இறங்கும். 87-இலிருந்து எர்த்துக்கு டேஷ்போர்டில் ஒரு சிறு 12 வோல்ட் விளக்கு போட்டால் தயாரா இல்லையா என்று தெரியும்.

12 வோல்ட்டா, எர்த்தா?

எம்எஸ்டி 6ஏஎல்-2 போன்ற இக்னிஷன் பெட்டிகளில் டூ-ஸ்டெப் ஒயருக்கு 12 வோல்ட் கொடுத்தால் வேலை செய்யும். மெகாஸ்குவர்ட் போன்ற எஞ்சின் கம்ப்யூட்டர்கள் எர்த் கிடைத்தால் வேலை செய்யும். மேலே சொன்ன இணைப்பு முதல் வகைக்கு. எர்த் வகைக்கு ரிலேயின் வெளியீட்டை அப்படியே கொடுக்காதீர்கள். அது இன்னொரு ரிலேயின் காயிலை இழுக்கட்டும், அந்த ரிலே எர்த்தைக் கொடுக்கட்டும். எர்த் வகையில் ஒயர் பெடலருகே உரசித் தோல் போனால், மூன்றாம் கியரில் போகும்போது லாஞ்ச் லிமிட் தானாக விழும். ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

டிரான்ஸ்பிரேக் வரைபடத்தைப் பார்த்து ஒயர் போடுவது

டிரான்ஸ்பிரேக் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பூட்டிக் காரை நிறுத்தி வைப்பது. கிளட்ச் காருக்கு அது இல்லை. மூடி வையுங்கள்.

லைன் லாக் பட்டனிலேயே டூ-ஸ்டெப்பையும் சேர்ப்பது

லைன் லாக் என்பது பட்டனை அழுத்தியிருக்கும் வரை முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைப்பது. கையும் காலும் ஒரே கணத்தில் விடாது. கை முந்தினால் எஞ்சின் பறக்கும், பிந்தினால் வெட்டும். அதோடு லைன் லாக் சோலினாய்டு பெரிய காயில். ஃபியூஸ் முதல் தனித்தனி ஒயர், சோலினாய்டுக்கும் ஒரு டையோடு.

பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டுவது

வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் பிக்கப் ஒயரையும் தள்ளியே வையுங்கள்.

முதல் ஓட்டத்திலேயே 5,000

3,500-இல் தொடங்கி 200, 200-ஆக ஏற்றுங்கள். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி 11.49 நொடி அல்லது அதைவிட வேகமாகக் கால் மைல் ஓடும் கிளட்ச் காருக்கு எஸ்எஃப்ஐ (பந்தய பாகங்களின் பாதுகாப்புத் தரம்) சான்று பெற்ற ஃப்ளைவீல், கிளட்ச், அவற்றைச் சுற்றிய கவசம் கட்டாயம். அந்த நேரத்துக்குக் கிட்டே வராத காரிலும் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை வைத்துக்கொண்டு லாஞ்ச் ஆர்பிஎம் ஏற்றுபவருக்குத் தன் கால்கள்மேல் அக்கறை இல்லை என்றுதான் அர்த்தம்.

ப்ரீ-ஸ்டேஜிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்துவது

ப்ரீ-ஸ்டேஜ் என்பது கார் கோட்டை நெருங்கியதும் எரியும் விளக்கு, ஸ்டேஜ் என்பது கோட்டில் நின்றதும் எரிவது. எதிராளி நிதானமாக உள்ளே வருவார். நீங்கள் லிமிட்டரில் வெந்துகொண்டிருப்பீர்கள். எதிராளியின் ஸ்டேஜ் விளக்கும் எரிந்த பிறகு மிதித்தால் போதும். எந்த ஓட்டத்திலும் 2, 3 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும் காரில் அந்த நேரம்கூட அதிகம்.

ஸ்விட்ச்சில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது

ஸ்விட்ச்சில் 12 இருக்கும். கிரிம்ப் (ஒயர் முனையை நசுக்கிப் பிடித்த இணைப்பு) சரியில்லாததால் டூ-ஸ்டெப்பின் முனையில் 8 இருக்கும். அந்த முனையிலேயே, ஒயர் மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். பிறகு நியூட்ரலில், லாஞ்ச் லிமிட்டை 2,500-க்கு இறக்கி, கிளட்ச்சை மிதித்து பட்டனைத் தட்டி ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். 2,500-இல் வெட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்ச்சையும் விட்டு மறுபடி மிதித்து ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். இப்போதும் 2,500-இல் வெட்டினால் ரிலே விழவில்லை. கிளட்ச் ஸ்விட்ச் திறக்கவில்லை, அல்லது அதைத் தாண்டி வேறெங்கிருந்தோ 86-க்கு மின்சாரம் வருகிறது.