பதிந்த உயிலுக்கும் சாட்சி வந்தாக வேண்டும்

போன வாரம் ஒரு இளம் வழக்கறிஞர் தான் தயாரித்த உயிலைக் கொண்டுவந்து காட்டினார். சர்வே எண், நான்கெல்லை எல்லாம் சுத்தம். சாட்சிகள் யார் என்று கேட்டேன். "பதிவு அலுவலக வாசலில் யாராவது கிடைப்பார்கள் சார்" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். உயில் விஷயத்தில் இப்படி நடக்கும் தவறுகளையும் தப்பெண்ணங்களையும்தான் இங்கே சொல்கிறேன். பெயரில் எழுத்து மாறுவது, ஒரு பக்கத்தில் கையொப்பம் விடுபடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாசலில் கிடைத்த சாட்சி

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆம் பிரிவு குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது (முஸ்லிம்களின் உயிலுக்கு வேறு சட்டம்). எழுதியவர் கையெழுத்திட்டதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி இதைச் சொல்ல வேண்டும். பதிவான மற்ற பத்திரங்களுக்கு, எழுதிக்கொடுத்தவரே மறுத்தால் ஒழிய, இந்தத் தொல்லை கிடையாது. உயிலுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 67. எண்தான் மாறியது.

என் கட்சிக்காரர் ஒரு பெரியவர். வீட்டை மகளுக்கு எழுதினார். டீக்கடையில் நின்ற இருவரை நான்தான் கூப்பிட்டு வந்தேன். ஒருவருடைய முகவரி 'பேருந்து நிலையம் அருகில்'. அதையும் அப்படியே எழுதினேன்! பதினொரு வருடம் கழித்துப் பெரியவர் இறந்ததும் மகன்கள் இருவரும் உயிலை மறுத்தார்கள். ஒரு சாட்சி இறந்திருந்தார். இன்னொருவரை அந்தப் பெண் எட்டு மாதம் தேடிப் பிடித்தார். கூண்டில் அவர் சொன்னது: "காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரியவர் போட்டதை நான் பார்க்கவில்லை." பொய் சொல்லத் தெரியாத மனிதர். சார்பதிவாளரின் முத்திரையைக் காட்டி மன்றாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. பதிவின்போது அலுவலகத்தில் கையொப்பமிடுவோர், வந்தவர் இன்னார் என்று ஆளை அடையாளம் காட்டுகிறார்கள், அவ்வளவே; உயிலில் அவர் கையெழுத்திட்டதற்கு அது சாட்சி ஆகாது. வீடு மூன்று பங்கானது.

சாட்சியாக, எழுதுபவரைவிட வயதில் இளையவர், அவரை நன்றாக அறிந்தவர், பத்து வருடம் கழித்தும் தேடினால் கிடைப்பவர் வேண்டும். குடும்ப மருத்துவர் ஒப்புக்கொண்டால் விடாதீர்கள். எழுதியவரின் மனத்தெளிவுக்கும் அவரே சாட்சி.

சொத்து பெறுபவரே முன்னின்று நடத்துவது

வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்றது. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பாரமும் உயிலை முன்வைப்பவர் தலையில்தான்.

வில்லங்கச் சான்றில் இல்லையே?

இருக்காது. உயில் ஏறுவது பதிவு அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில்; வில்லங்கச் சான்று அதைப் பார்த்து எழுதுவதல்ல.

நான்கு மாதக் கெடு

எழுதிய நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்பது கிரயப் பத்திரத்துக்கு. உயிலுக்குக் கெடு இல்லை, எழுதியவர் இறந்த பிறகும் பதியலாம்.

பதிந்ததை மாற்ற முடியாதா?

முடியும். நாளை வெள்ளைத் தாளில் முறைப்படி எழுதிய பதியாத உயில், இன்று பதிந்ததைத் தள்ளிவிடும்.