வா, தா, போ, அப்புறம் ஒரு 'ங்க': குழந்தைக்கு மரியாதையும் வாசிப்பும் சேர்த்துப் பழக்குவது எப்படி?

வீட்டில் மூன்று நாலு வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டு ஆசை கூடவே வந்துவிடும். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும், புத்தகத்தைத் திறந்தால் நாலு சொல்லாவது திக்காமல் படிக்க வேண்டும். இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை, தமிழில் இரண்டையும் ஒரே சொற்களை வைத்து, அவற்றை அட்டைகளில் எழுதிக் காட்டித் தொடங்கலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதல் படி: அட்டையை எடுக்காதீர்கள், பேச்சைக் கவனியுங்கள்

பிள்ளை வாயில் 'வாங்க, போங்க' வர வேண்டும் என்றால் அது முதலில் காதில் விழ வேண்டும், அதுவும் தன்னைப் பார்த்துச் சொல்லப்பட்டதாக விழ வேண்டும். "தங்கம், இங்க வாங்க", "உட்காருங்க, சாப்பிடலாம்" என்று குழந்தையிடமே பேசுங்கள், கொஞ்ச நாளில் அதே சொல் திரும்பி வரும். அம்மாவை 'வா, போ' என்று சொல்லும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு, அது உரிமை, அதைத் திருத்தப் போகாதீர்கள். தாத்தா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று வரும்போது 'ங்க' சேர்ந்தால் போதும்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் தோப்புக்குக் காய் பறிக்க வருகிற ஆட்களில் நம் அப்பா வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவரை நாம் பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிட்டுவிட்டு, காரில் வந்து இறங்கும் உறவினருக்கு மட்டும் "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளினால், யாருக்கு 'ங்க' போட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற பாடம்தான் அதற்குப் போய்ச் சேருகிறது. காய் பறிப்பவர், குப்பை வண்டி அக்கா, பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் நாமே 'ங்க' போட்டுப் பேச வேண்டும். இந்த இடம் சரியாக இல்லை என்றால் கீழே சொல்லும் அட்டை வேலைக்கு அர்த்தமே இல்லை.

விருந்தாளி முன்னால் "நன்றி சொல்லு, சொன்னால்தான் சாக்லேட்" என்று மிரட்டுவதும் வேண்டாம். பிள்ளை வாயை மூடிக்கொண்டால் நீங்களே "நன்றிங்க மாமா" என்று சொல்லிவிட்டு நகருங்கள். அதேபோல ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டுவிட்டால், மன்னிப்புக் கேள் என்று நிற்க வைப்பதைவிட, போய்த் தூக்கிவிட்டு "வலிக்குதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சொல்லும் செயலும் சேர்ந்து மனதில் நிற்கும். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதும் இந்த வயதிலேயே பழகிவிடும்.

இரண்டாம் படி: அட்டை செய்வது

நாலு வயது தாண்டியதும் தொடங்கலாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள், அந்தக் கெட்டி அட்டையின் வெறும் பக்கம் இதற்கு அருமையாக இருக்கும். தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், எழுத்து இரண்டு விரல் உயரம் இருக்கும்படி, ஓர் அட்டைக்கு ஒரு சொல். பக்கத்தில் படம் வரையாதீர்கள். படம் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும், எழுத்துப் பக்கம் கண்ணே போகாது.

முதலில் 'வா', 'தா' இரண்டு மட்டும். இரண்டுக்கும் துணைக்கால் வலது பக்கம் இருக்கிறது, குழப்பம் இல்லை. 'போ' அப்படி இல்லை. இரட்டைக் கொம்பு 'ப'வுக்கு முன்னால், துணைக்கால் பின்னால், சத்தமோ ஒன்றே ஒன்று. இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கும் பிள்ளை அந்தக் கொம்பிலேயே நின்றுவிடும், அதனால் 'போ'வைக் கூட்டிப் படிக்க வைக்காமல் முழு உருவமாகவே காட்டிப் பழக்குங்கள். 'இல்லை'யில் வரும் 'லை'க்கும் இதே வழிதான்.

மூன்றாம் படி: 'ங்க' அட்டை

இதுதான் முக்கியம். பாதி அகலத்தில் ஓர் அட்டை வெட்டி 'ங்க' என்று மட்டும் எழுதுங்கள். 'வா' அட்டையைத் தரையில் வைத்து, "இது தம்பிக்கு. தாத்தாவைக் கூப்பிடணும்னா?" என்று கேட்டுவிட்டு 'ங்க'வைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். அதுவே நகர்த்தி ஒட்டி வைத்து 'வாங்க' என்று படிக்கட்டும். அப்புறம் அதே 'ங்க' 'தா'வுக்குப் பக்கத்தில் போகும், 'போ'வுக்குப் பக்கத்தில் போகும், 'இரு'வுக்குப் பக்கத்தில் போகும். ஒரே உருவத்தைத் தெரிந்துகொண்டதில் நாலு சொல் கைக்கு வந்துவிடுகிறது, மரியாதை எங்கே ஒட்டுகிறது என்பதும் கண்ணால் தெரிகிறது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். பழைய அட்டைகளைப் பார்த்த உடனே சொல்கிறதா என்று பாருங்கள், யோசித்துச் சொன்னால் புதியது சேர்க்க வேண்டாம். இந்த நாலும் பழகிய பிறகு நான், இது, அது, என்ன, அம்மா, இங்கே, இல்லை, அப்புறம் வணக்கம், நன்றி. இவை கையில் இருந்தால் 'அம்மா இங்கே வாங்க', 'இது என்ன?' என்று அட்டைகளை அடுக்கி வாக்கியமே செய்யலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளை குழம்புமே என்று அந்த மொழியை நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களிடம் வினையை மாற்றிச் சொல்லும் வழக்கம் அந்த மொழிகளிலும் இருக்கிறது, அதனால் "வீட்டுல அவ்வாகிட்ட (பாட்டியிடம்) எப்படிச் சொல்லுவே? தமிழ்ல அதுதான் வாங்க" என்றால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

எழுத்தை விட்டுவிடலாமா?

கூடாது. தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம் என்பதால் எழுத்து தெரிந்த பிள்ளை எந்தச் சொல்லையும் தானே படித்துவிடும், அட்டைச் சொற்கள் தொடக்கத்தில் தைரியம் கொடுக்க மட்டுமே. அதற்காக 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டாம். ட, ப, ம மூன்றும் எழுத எளியவை, படம், பட்டம், மடம் என்று உடனே சொல்லாகிவிடும். அட்டையும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் போகட்டும்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கே தி (the), வாஸ் (was), செட் (said), யூ (you) போன்ற சொற்களை எழுத்துக் கூட்டினால் சரியான உச்சரிப்பு வராது. இப்படிப்பட்டவையும் சேர்த்து அடிக்கடி வரும் சொற்களை எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-இல் தொகுத்தார், பெயர்ச்சொற்கள் இல்லாமல் 220 சொற்கள். ஆங்கில வழிப் பள்ளியில் 'சைட் வேர்ட்ஸ்' என்று அனுப்புவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பட்டியல்தான். அதில் எழுத்துக் கூட்ட வராதவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், ஆனால் தமிழ் அட்டைகள் கொஞ்சம் ஓடிய பிறகு தொடங்குங்கள்.

கடைசிப் படி: தெருவுக்குப் போங்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என்று போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். "அம்மா மாதிரி 'ம்' எந்த போர்டுல இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு போர்டில் 'தருமபுரி', இன்னொன்றில் 'தர்மபுரி' என்று இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துக் கேட்டால், இரண்டும் நம் ஊர்தான் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் கற்பித்தார்கள். வீட்டிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், நம் பிள்ளை எந்த அட்டையில் நிற்கிறதோ அங்கிருந்தே போங்கள். பாடப் புத்தகத்தில் 'வாருங்கள், தாருங்கள்' என்று வரும்போது 'ங்க'வுக்குப் பின்னால் 'ள்' என்று இன்னொரு சின்ன அட்டை, 'வா'வுக்குப் பின்னால் 'ரு' என்று ஒன்று, இரண்டும் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.