சைட்டோகைன் எலைசா: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி, டெங்கு நோயாளிகளின் இரத்தக் குழாய்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து சுத்துவம், அண்ணா" என்றாள். பழைய வயிற்றெரிச்சல் எனக்குத் திரும்பி வந்தது. சுத்துவது என்றால் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, அணுக்களைப் பிரித்து, பிளாஸ்மா என்ற திரவத்தை எடுப்பது. அதில் நாங்கள் அளப்பது சைட்டோகைன்: நோயெதிர்ப்புக் கலங்கள் செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்கள். அளக்கும் முறை எலைசா: பிளேட்டிலுள்ள சிறு கிணறுகளில் ஒரு பிறபொருளெதிரி (antibody) சைட்டோகைனைப் பிடிக்கும், இன்னொன்று நொதியின் உதவியோடு அதை நிறமாகக் காட்டும். நிறம் கூடினால் சைட்டோகைன் கூட.

பிப்பெட் முனையை மாற்றுவது, கிணறுகளைக் கழுவுவது எல்லாம் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதை விடுவோம்.

காத்திருக்கும் குழாய்

எடுத்த இரத்தம் செத்த பொருள் இல்லை. அதிலுள்ள வெள்ளணுக்கள் மணிக்கணக்காக உயிரோடு இருந்து, தம் பாட்டுக்கு சைட்டோகைன் சுரக்கும். இன்டர்லூக்கின்-8 இதில் பேர்போனது. அது நோயாளியின் உடம்பில் சுரந்ததா, குழாய்க்குள் சுரந்ததா என்று பிறபொருளெதிரி கேட்காது. கண்டதைப் பிடிக்கும்.

என் முதல் ஆய்வில், வார்ட்டில் காலையில் எடுத்த குழாய்கள் ஓட்டோவில் ஏறி, கொழும்பு பேஸ்லைன் வீதி நெரிசலில் வெந்து, மத்தியானம்தான் வந்து சேரும். ஒப்பிடுவதற்கான சுகதேகிகள்? எங்கள் ஆய்வுகூடத்து ஆட்களேதான். கையை நீட்டுவார்கள், அரை மணியில் பிளாஸ்மா மைனஸ் 80 பாகையில் இருக்கும். கடைசியில் அமிலம் விட்டதும் நோயாளிகளின் கிணறுகள் நல்ல மஞ்சள், எங்களுடையவை வெறும் தண்ணீர் மாதிரி. 450 நானோமீட்டர் ஒளியில் வாசித்த எண்களைப் பார்த்துத் துள்ளினேன்.

மேற்பார்த்த மிஸ் கேட்டது ஒரே கேள்வி: "எடுத்து எவ்வளவு நேரத்தில சுத்தினனீங்கள்?"

கொப்பியில் எடுத்த நேரமே இல்லை. நோயால் கூடியது எவ்வளவு, ஓட்டோவில் கூடியது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஆறு மாத மாதிரிகள் குப்பைக்குப் போயின.

சரி, என்ன செய்யலாம்? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாய், ஐஸ் பெட்டி, முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிபியூஜ். முடியாவிட்டால் இரண்டு தரப்பையும் ஒரே அளவு காக்க வையுங்கள். சந்தேகமா? ஒருவரின் இரத்தத்தை மூன்று குழாயில் எடுத்து, உடனே ஒன்று, இரண்டு மணியில் ஒன்று, நாலு மணியில் ஒன்று என்று சுத்தி, ஒரே பிளேட்டில் போட்டுப் பாருங்கள்.

சோடியம் அசைட்

பஃபர் கெடாமல் இருக்கச் சேர்க்கும் இது, நிறம் தரும் பெராக்சிடேஸ் நொதியை முடக்கிவிடும். பஃபர் போத்தலின் லேபலை வாசியுங்கள்.

பொருந்தாத சோடி

பிடிக்கும் பிறபொருளெதிரியும் காட்டும் பிறபொருளெதிரியும் சைட்டோகைனின் வேறு வேறு இடங்களில் ஒட்ட வேண்டும். மலிவு என்று தனித்தனியாக வாங்கினால், ஒரே கதிரைக்கு இரண்டு பேர் அடிபடுவது போலாகலாம்.

முடக்குவாத நோயாளிகள்

அவர்களின் இரத்தத்திலுள்ள ருமட்டாய்ட் காரணி என்னும் பிறபொருளெதிரி, சைட்டோகைனே இல்லாமல் அந்த இரண்டு பிறபொருளெதிரிகளையும் கோத்துவிடக்கூடும். மஞ்சளைக் கண்டு மயங்காதீர்கள்.

உருக்குதல்

உறைய வைத்த மாதிரியை உருக்குவது ஒரு தடவைதான். முதலிலேயே சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள். கரன்ட் போனாலும் மாதிரி உருகலாம்; அந்தத் திகதியும் கொப்பியில் ஏற வேண்டும்.